தடித்த எழுத்தில் ஒரு எண்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் டி.ஏ. உயர்வைப் பற்றிப் பேசுவோம். இப்போது கிரியாட்டினின். காலை நடை முடிந்து பூங்கா பெஞ்சில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் செல்போனை நீட்டுவார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க, தடிச்ச எழுத்துல போட்டிருக்கான்." நான் டாக்டர் இல்லை. 34 வருஷம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். எண்களைக் கண்டால் எனக்குப் பயமில்லை என்பது எப்படியோ தெரிந்துபோயிருக்கிறது.

அந்தத் தடித்த எழுத்தை முதலில் பார்த்துவிடுவோம். ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் இயல்பு அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆரோக்கியமாக இருக்கிற நிறையப் பேரின் ரத்தத்தை அளந்து, நடுவில் வரும் 95 சதவீதம் பேருடைய அளவைத்தான் பெரும்பாலும் அப்படிப் போடுகிறார்கள். மீதி 5 சதவீதம் பேரும் ஆரோக்கியமானவர்கள்தான், ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், ஒரு நோயும் இல்லாதவருக்குக்கூட ஒன்றாவது தடித்து வர 64 சதவீதம் வாய்ப்பு. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்: 0.95-ஐ இருபது முறை பெருக்கினால் 0.36 வரும். பேக்கேஜ் என்று 60, 70 சோதனை செய்கிறார்களே, அதில் எல்லாமே சாதாரணமாக வந்தால்தான் அதிசயம். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றின் எல்லை, எந்த அளவுக்கு மேல் ஆபத்து கூடுகிறது என்று பார்த்து வைத்தது.

இதற்கு நேர்மாறான சங்கதியும் உண்டு. தடிக்காமல் வருவதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. தசை குறைந்த உடம்பில் கழிவும் குறைவு. 28 வயது வாலிபனுக்கு 1.1 என்று வந்தால், இப்போது உபயோகத்தில் இருக்கும் சூத்திரப்படி அவன் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் சுமார் 94. அதே 1.1, 78 வயதுப் பாட்டிக்கு வந்தால் வேகம் 51-தான். பல லேப்களில் இரண்டுமே சாதாரண எழுத்தில்தான் வரும். அதனால் கிரியாட்டினினுக்குக் கீழே இ.ஜி.எஃப்.ஆர். என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி விழுங்குகிறவர்கள் இரண்டு முறை பாருங்கள்.

பொட்டாசியம் இன்னொரு வகை. பெஞ்ச் நண்பர் ஒருவருக்கு 6.1 என்று வந்தது. 5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 6 என்றால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். மனுஷர் வெலவெலத்துப் போனார். அன்றே ஆஸ்பத்திரியில் மறுபடி எடுத்ததில் 4.4. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்த பையன் பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, அந்தக் குழாயோடு ஊரெல்லாம் ஸ்கூட்டரில் சுற்றியிருக்கிறான். சிவப்பணு உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து எண்ணை ஏற்றிவிடும். ஆனால் லேப் தப்பு என்று நாமே தீர்மானித்துச் சும்மா இருக்கக் கூடாது. டெல்மிசார்ட்டான் மாதிரி பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நிஜமாகவே ஏறும், அதோடு தினமும் இளநீர் வேறு என்றால் கேட்கவே வேண்டாம். அன்றே மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் சோடியம்.

என் அக்காவுக்கு 77 வயது. அத்தான் போனபிறகும் தன் சமையல், தன் கணக்கு என்று தனியாக இருந்தவள். போன வருஷம் திடீரென்று மூன்று வாரத்தில் ஆளே மாறிப்போனாள். சாப்பாடு வேண்டாம், குமட்டுகிறது என்றாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கினாள். நடக்கும்போது தள்ளாடினாள். நான் போய் நின்றபோது, இறந்துபோன எங்கள் அண்ணன் பெயரைச் சொல்லி, "எப்ப வந்தே?" என்றாள். அக்கம்பக்கத்தில், "வயசாச்சுல்ல, இனி இப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். அவள் மகன் பெங்களூரிலிருந்து வந்து முதியோர் இல்லங்களை விசாரிக்க ஆரம்பித்திருந்தான்.

உள்ளூர் டாக்டர் ஒருவர், ஸ்கேனெல்லாம் அப்புறம், முதலில் எலக்ட்ரோலைட்ஸ் பார்க்கலாம் என்றார். சோடியம் 119. இருக்க வேண்டியது 135-லிருந்து 145. மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு முன்னால் பிரஷருக்குப் புதிதாக ஒரு மாத்திரை சேர்த்திருந்தார்கள், அதில் குளோர்தாலிடோன் என்ற நீர் பிரிக்கும் மருந்து இருந்தது. போதாததற்கு அக்கா உப்பை அடியோடு குறைத்து, யாரோ யூடியூபில் சொன்னார்கள் என்று தினம் நாலு லிட்டர் தண்ணீர் குடித்திருக்கிறாள். வயதானவர்களுக்கு இந்த மூன்றும் சேர்ந்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போகிறது. தண்ணீர் மூளைச் செல்களுக்குள் போய் அவை வீங்குகின்றன. குழப்பமும் தள்ளாட்டமும் அதனால்தான்.

மாத்திரையை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா மகனுக்குப் பொறுமை இல்லை. "உப்புதானே மாமா குறைச்சல், ட்ரிப்ஸ்ல ஏத்திட வேண்டியதுதானே?" டாக்டர் அவனை உட்கார வைத்துச் சொன்னார்: நாளுக்கு 8 அளவுக்கு மேல் ஏற்றினால் ஆபத்து, சட்டென்று ஏறினால் மூளையின் நரம்பு உறைகள் சிதைந்து கை கால் விழுந்துவிடலாம். மெதுவாகத்தான் போக வேண்டும். நாலாம் நாள் 133. அன்று காலை கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்து, "பால்காரனுக்குக் காசு கொடுத்தியாடா?" என்றாள். அவள் மகன் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டான்.

ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை. அதைச் செய்யாமலிருந்தால் அக்கா இன்று ஏதோ ஒரு இல்லத்தில் கட்டிலோடு கிடந்திருப்பாள். நீர் பிரிக்கும் மருந்து புதிதாக ஆரம்பித்தால் இரண்டு, மூன்று வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு வம்பு.

கணக்குப் பிள்ளை புத்தியில் ஒரு சின்ன விஷயம். கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோமே, எல்.டி.எல்., பல லேப்களில் அதை நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து ஹெச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுகிறார்கள். 1972-ல் வந்த சூத்திரம். மொத்தம் 210, ஹெச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு 190 என்றால் எல்.டி.எல். 130. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கழித்தல் செல்லாது. முதல் நாள் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு மறுநாள் ரத்தம் கொடுப்பவர்கள் கவனிக்க.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நான் ஒரு நீளநோட்டில் தேதிவாரியாகக் கட்டம் போட்டு எழுதி வருகிறேன், கிரியாட்டினினுக்கு ஒரு பத்தி, சோடியத்துக்கு ஒரு பத்தி. 0.8-லேயே இருந்த கிரியாட்டினின் இரண்டு வருஷத்தில் 1.1 ஆனால் லேப் தடித்த எழுத்தில் போடாது, நோட்டு காட்டிக் கொடுத்துவிடும். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள், இடத்துக்கு இடம் அளவு கொஞ்சம் மாறும். அக்காவுக்கும் ஒரு நோட்டு போட்டுக் கொடுத்திருக்கிறேன். பின்பக்கத்தில் மளிகைக் கணக்கு எழுதுகிறாள்.

யூரிக் ஆசிட் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.