சுரங்கம் மூடினால் ஆஸ்பத்திரியும் மூடணுமா?

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. இந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும், சரி, இன்றைக்கு எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஜெர்மனியில் வேலை பார்க்கிற நண்பர்களுக்குத் தெரியும். சம்பளச் சீட்டைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது வருவது அல்ல, போவதுதான். வரி, பென்ஷன், அப்புறம் மருத்துவக் காப்பீடு. இந்தக் காப்பீட்டுக்கு மட்டும் 14.6 சதவீதம், பாதி நாம், பாதி கம்பெனி. அது போதாதென்று ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் கூடுதலாக ஒரு பங்கு வாங்கும். 2025க்கு அரசு அறிவித்த சராசரி 2.5 சதவீதம். அதையும் பாதிப் பாதி பிரித்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் நம்ம ஆட்கள் கூடினால் சாப்பாடு முடிந்ததும் இந்தப் பேச்சுதான். "நமக்குக் காய்ச்சல்கூட வர்றதில்ல, யாருக்குடா இவ்வளவு கட்டறோம்?"

நானும் சேர்ந்து புலம்பியவன்தான். இந்த ஊருக்கு மாறி வந்த பிறகு கொஞ்சம் அடங்கிவிட்டேன்.

ஊர் பேர் போகும். (அம்மாவிடம் போனில் சொன்னபோது, "எங்கடா போகும்?" என்று கேட்டார்.) ரூர் பகுதியில் இருக்கிற பழைய நிலக்கரி ஊர். ஊருக்குள் இருந்த கடைசிச் சுரங்கத்தை 1973லேயே மூடிவிட்டார்கள். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன். நான் கோலார் தங்கவயல், சாம்பியன் ரீஃப்ஸில் பிறந்தவன், என் அப்பா தங்கச் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடுகிற மெஷின் பிடித்தவர் என்றதும் மனுஷர் காபியை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். முதல் கேள்வியே, "உன் அப்பாவுக்கும் தூசி நுரையீரல் இருந்ததா?"

சிலிகோசிஸ். இந்த ஊர் மொழியில் அதன் பேருக்கு நேரடிப் பொருளே தூசி நுரையீரல்தான். அவர் அப்பாவுக்கும் இருந்ததாம். கடைசி ஆறு வருஷம் வீட்டுக்கே ஆக்சிஜன் இயந்திரம் வந்தது, மருந்து வந்தது, மாதாமாதம் தொழில்நோய்க்கான பென்ஷனும் வந்தது என்றார்.

"சுரங்கத்தைத்தான் மூடிட்டாங்களே, யார் கொடுத்தாங்க?" என்று கேட்டேன். நான் என்ன கேட்கிறேன் என்பதே அவருக்கு முதலில் புரியவில்லை.

அப்புறம் நானே தேடிப் படித்தேன். க்னாப்ஷாஃப்ட் என்று சுரங்கத் தொழிலாளர்களுக்கான ஒரு நிதி இங்கே இருக்கிறது. 1260ல் கோஸ்லார் பக்கம் ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கத்தில், நோயில் விழுந்த தொழிலாளிக்கும் விதவைக்கும் உதவ இருந்த சகோதர அமைப்புதான் அதன் வேர் என்கிறார்கள். உண்டியலில் காசு போட்டுச் சேர்க்கிற கதைதான். பிஸ்மார்க் 1883ல் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தபோது வெறும் காகிதத்திலிருந்து தொடங்கவில்லை. சுரங்கக்காரர்களின் இந்த உண்டியல் முன்மாதிரியாக ஏற்கெனவே இருந்தது. 1884ல் விபத்துக் காப்பீடு வந்தது. அதற்குத் தொழிலாளி ஒரு காசு தர வேண்டாம், முழுக்க முதலாளிகள் பணம். அதுவும் ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாக இல்லை, அந்தத் தொழிலில் இருக்கிற எல்லா முதலாளிகளும் சேர்ந்து போடுகிற பொதுப் பணம். 1929ல் சிலிகோசிஸையும் அதில் சேர்த்தார்கள்.

என்னை யோசிக்க வைத்தது இதுதான். ஒரு சுரங்கம் மூடினாலும் பணம் அந்தச் சுரங்கத்தின் கல்லாவில் இல்லை. சரி, எல்லாச் சுரங்கமும் மூடினால்? இங்கே அதுவும் நடந்தது. 2018 டிசம்பரில் போட்ரோப்பில் கடைசி நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். க்னாப்ஷாஃப்ட் மூடவில்லை. 2007லேயே யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 2009 முதல் நாட்டில் எந்தப் பொதுக் காப்பீட்டில் இருப்பவர் கட்டினாலும் அந்தப் பங்கு ஒரே மத்திய நிதிக்குப் போகிறது. வயசானவர்களும் நோயாளிகளும் அதிகம் உள்ள நிறுவனத்துக்கு அங்கிருந்து அதிகமாகத் திரும்பி வருகிறது. என்னைப் போல காய்ச்சல்கூட வராதவன் கட்டுகிற பணம், யாரோ ஒரு கிழவர் மூச்சு விடுவதற்குப் போகிறது. (மூட்டு டாக்டரைப் பார்க்க மூன்று மாதம் காத்திருக்க வைக்கிறார்கள் என்பது தனிக்கதை. அந்தப் புலம்பல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.)

இப்போது எங்க ஊருக்கு வருகிறேன்.

சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த கம்பெனி ஆஸ்பத்திரி வெள்ளைக்காரன் காலத்தது. நான் பிறந்தது அங்கேதான், என் தங்கையும் அங்கேதான். தொழிலாளி குடும்பம் என்றால் காசு கிடையாது. அந்த வயதில் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. நோயும் ஊருக்குப் புதுசு இல்லை. 1940களில் தங்கவயலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைப் பரிசோதித்ததில் பத்தில் நாலு பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது. எங்க லைனில் இருமல் சத்தம் கேட்டே எந்த வீட்டுத் தாத்தா என்று சொல்லிவிடுவோம்.

1948ல் வந்த ஈ.எஸ்.ஐ. சட்டம், தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து போடுகிற பொது நிதிதான். ஜெர்மனிக்காரனின் உண்டியல் மாதிரியே. ஆனால் அதில் தொழிற்சாலை என்பதற்குப் பொருள் சொல்லும்போதே, சுரங்கம் இதில் சேராது என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு யாருக்கும் அது குறையாகத் தெரிந்திருக்காது. கம்பெனி ஆஸ்பத்திரியே இருக்கும்போது ஈ.எஸ்.ஐ. எதற்கு?

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் மூடியது. தங்கத்தை எடுக்கிற செலவு விற்கிற விலையைவிட அதிகம் என்றார்கள். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆஸ்பத்திரியும் அதோடு போனது. கம்பெனி கணக்கில் அது ஒரு செலவு, அவ்வளவுதான். உண்டியல் இல்லை.

அப்பாவுக்கு இருமல் முற்றியது அதற்குப் பிறகு. முதலில் டி.பி. என்று எட்டு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். பெங்களூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் படுக்கை என்றார்கள். அம்மா தாலிக்கொடியைக் கழற்றி ராபர்ட்சன்பேட்டை அடகுக்கடையில் வைத்தார். முப்பது வருஷம் பூமிக்குள் போய்த் தங்கம் எடுத்தவருக்காகக் கால் பவுன் கால் பவுனாகச் சேர்த்த நகையைக் கொண்டுபோய் வைத்தோம். 2009ல் அப்பா போனபோது கொடி மீட்கப்படவில்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகாவில், வறுமைக் கோட்டு அட்டை உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. யாரும் சந்தா கட்ட வேண்டாம். மத்திய, மாநில அரசுகளின் வரிப்பணம். அன்றைக்கு இது இருந்திருந்தால் கொடி போயிருக்காது. ஆனால் இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்த்துச் செய்கிற வைத்தியத்துக்குத்தான். தூசி நுரையீரல் நோயாளி படுப்பது வருஷத்தில் பத்து நாள். மிச்ச நாளெல்லாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். இன்ஹேலர், மாத்திரை, ஆக்சிஜன், கரண்ட் பில் எல்லாம் அங்கேதான் செலவாகிறது.

2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, இருபது வருஷம் பூட்டிக் கிடந்த அந்த ஆஸ்பத்திரியை ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து கழுவித் துடைத்து, படுக்கை போட்டுத் திறந்தார்கள். தங்கை வீடியோ அனுப்பினாள். அந்த நீள வராந்தாவைப் பார்த்ததும் அம்மா, "உன்னப் பெத்தது அந்தக் கடைசி வார்டுலடா" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

சித்தப்பா இன்னும் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறார். அவரும் மெஷின் பிடித்தவர்தான். போன வருஷம் அவருக்கு ஆக்சிஜன் இயந்திரம் வாங்கிக் கொடுத்தோம். நான், தங்கை, துபாயில் ஒருத்தன், ஓசூரில் இரண்டு பேர் என்று ஐந்து பேர் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். மாதம் ஒருத்தர் முறை. போன மாதம் துபாய்க்காரனுக்கு வேலை போய்விட்டது. "அண்ணே, இந்தத் தடவ என்னால முடியாதுண்ணே" என்று எழுதியிருந்தான். அவன் முறையையும் சேர்த்து நான் அனுப்பினேன். அடுத்த மாதம் யார் என்று இன்னும் பேசவில்லை.