பொறியும் செவியும்

பலாங்கொடை என்றதும் கற்றோர் பலருக்கு நினைவில் எழுவது தொல்லியலாளர் பெயரிட்ட பலாங்கொடை மனிதனே. ஆயின், மோட்டார்ப் பந்தயத்தில் நாட்டங்கொண்ட இளைஞர் சிலருக்கு அவ்வூர் வேறொரு மனிதரைக் குறிக்கும். பெருவீதியிலிருந்து விலகிச் செல்லும் ஒரு சரிவில், தகரக் கூரையின் கீழ், பழைய கார்களின் எஞ்சின்களைத் திருத்துவதும் அவற்றுக்கு வேகமூட்டுவதும் அவர் தொழில். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அவரைப் 'பாஸ்' என்றே அழைப்பர். அவர் பிறந்தது அயலிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். 'ஸ்டோர்' என்று தோட்டத்து மக்கள் வழங்கும் தொழிற்சாலையில் எண்ணெய் எஞ்சினைக் கவனித்தவர் அவருடைய தந்தையார். நள்ளிரவில் லயத்தில் படுத்திருக்கையிலே எஞ்சினின் ஓசை சற்று மாறினாலும் எழுந்து போய்விடுவாராம். 1974இல் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களை வாட்டியபோது மகன் பதினைந்து வயதில் நகருக்கு இறங்கினார். கராஜில் கூலி இல்லை; மதியச் சோறு உண்டு. தொழில் அச்சோற்றோடு கிடைத்தது. காது தந்தையாரிடமிருந்து முன்னரே கிடைத்திருந்தது.

நுவரெலியாவில் 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் இந்நாட்டு மோட்டார்ப் பந்தயங்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. சித்திரைப் பருவம் நெருங்கும்போது அதற்கென ஆயத்தஞ் செய்யும் மினி கார்கள் ஒன்றிரண்டு அவருடைய கராஜுக்கு வரும். 1959இல் வெளிவந்த அச்சிறு வண்டி இலங்கையில் இன்னும் காதலர்களை இழக்கவில்லை. ஹெட்டைச் சீவி அமுக்க விகிதத்தைக் கூட்டுவர், கேம் தண்டை மாற்றுவர், காபரேற்றரைப் பெரிதாக்குவர். இவையெல்லாம் பணத்தால் ஆகும் காரியங்கள். ஈற்றில் எஞ்சுவது, பொறி எப்போது பாய வேண்டும் என்ற கேள்வி. அதற்கு விலை கொடுத்து வாங்கக்கூடிய உதிரிப்பாகம் எதுவுமில்லை.

உருளைக்குள் அமுக்கப்பட்ட பெற்றோல் ஆவியும் காற்றும் பொறி பட்ட கணமே வெடித்துவிடுவதாகப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று. பிளக்கின் முனையிற் பற்றிய சுடர் கலவையூடே பரவிச் செல்கிறது. அதற்குக் காலம் வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டிப் பதினைந்து பாகை அளவில் இறங்கும்போது அமுக்கம் உச்சத்தை அடைந்தாற்றான் தள்ளும் வலு வீணாகாது. எனவே பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே, உச்சிக்கு ஏறத்தாழ முப்பது பாகை முன்னதாக, பொறியை விடவேண்டியுள்ளது. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு அந்த முப்பது பாகை என்பது ஒரு செக்கனின் 1,200இல் ஒரு பங்கு.

இந்த முன்னேற்பாட்டைப் பழைய எஞ்சின்களில் டிஸ்றிபியூட்டர் கவனிக்கிறது. அதனுள்ளே சுழலும் இரு சிறு எடைகள் வேகம் கூடக்கூட விற்சுருள்களை இழுத்துக்கொண்டு விரிந்து பொறியை முன்னே தள்ளும். இளகிய ஓட்டத்திற் பொறியை மேலும் முன்னே தள்ளுவதற்கு வெற்றிட உறிஞ்சி ஒன்றும் உண்டு. ஆனால், மிதியை முழுதாக அழுத்தியதும் அவ்வெற்றிடம் மறைந்துவிடுகிறது. அப்போது எஞ்சினின் உயிர் அவ்விரு எடைகளிலும், டிஸ்றிபியூட்டரைக் கை எந்த இடத்தில் இறுக்கியது என்பதிலுமே தங்கியுள்ளது. கை அதை ஒரு பாகை திருப்பினால் கிராங் தண்டின் கணக்கில் இரண்டு பாகை மாறிவிடும். விளிம்பில் அது அரை மில்லிமீற்றர் அளவே. பாஸ் அந்த அரை மில்லிமீற்றரைக் கண்ணால் அளந்தவரல்லர்.

பொறி அளவுக்கு மிஞ்சி முந்தினால், சுடர் போய்ச் சேருமுன்னரே மூலையில் நெருக்குண்ட கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அதுவே தட்டொலி; கராஜ் மொழியில் 'நொக்'. இரத்தினபுரிப் பக்கத்துச் சுரங்கத்தார் இல்லத்தைக் கூடையிலிட்டு அரிக்கும்போது கற்கள் உரசும் ஒலியை அது ஒத்தது என்று அவர் சொல்வதுண்டு. அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி 1921இல் ஈயச் சேர்மமொன்றைப் பெற்றோலிற் கலந்து இத்தட்டொலியை அடக்கினார். அந்நஞ்சை உலகம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவாசித்தது. இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலைக் கைவிட்டது. இப்போது 92, 95 என்ற ஒக்டேன் எண்களை வைத்தே பாஸ் தம் கணக்கைப் போடுகிறார்.

அவரது முறை எளிது. தட்டொலி எழும்வரை பொறியை முன்னே நகர்த்துவார். எழுந்ததும் இரண்டு பாகை பின்வாங்குவார். இளைஞர்கள் அந்த இரண்டு பாகைக்காக அவரோடு வழக்காடுவர். வலுவின் உச்சமோ கூம்பிய சிகரமன்று, தட்டையான மேடு. இரண்டு பாகை பின்வாங்கினால் இழப்பது நூற்றில் ஒரு பங்களவே. முந்தினால் போவது பிஸ்டன். இவ்வழக்கில் நியாயம் அவர் பக்கமே என்பதில் ஐயமில்லை.

ஒருமுறை அந்நியாயமும் பிழைத்தது. நுவரெலியாவின் உயரம் 1,868 மீட்டர். அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தினதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. உருளைக்குள் நெருக்கமும் அதற்கேற்பக் குறையும். எஞ்சின் சற்றுக் கூடுதலான முந்துதலைத் தாங்கும். அதனாற் பந்தயத்துக்குப் போன ஒரு மினிக்கு அவரே இரண்டு பாகை கூட்டியனுப்பினார். பந்தயம் முடிந்து வண்டி திரும்பியதும் வழமைபோலத் திருப்பி வைத்து, உரிமையாளர் அருகில் அமர்ந்து, முழுமிதியில் ஓட்டக் கேட்டு, "சரி" என்றார். மூன்றாம் நாள் இரத்தினபுரிப் பள்ளத்து வெயிலில் அவ்வெஞ்சின் நின்றது. கழற்றிப் பார்த்தபோது பிஸ்டனின் விளிம்பு கறையான் அரித்த பலகைபோல இருந்தது. அது ஒரு கணத்தில் நேர்ந்த சேதமன்று, நெடுநேரம் தட்டியிருக்கிறது. தாம் அருகிலிருந்தபோதும் தட்டியிருக்க வேண்டும். உரிமையாளர் கோபிக்கவில்லை. பாஸ் அப்பிஸ்டனைக் கழுவித் தம் மேசைமீது வைத்துக்கொண்டார்.

பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் பயிலும் தங்கை மகளின் வற்புறுத்தலாலேயே அவர் செவிச் சோதனைக்கு உடன்பட்டார். வரைபடத்தில் கோடு 4,000 அதிர்வெண்ணருகே பள்ளத்தில் விழுந்து, அதற்கு மேலும் எழாமலே கிடந்தது. பேரிரைச்சலில் நெடுங்காலம் உழைத்தோரின் செவியில் முதலிற் பழுதுறுவது அவ்விடமே. மூப்பு மேலிருந்து அரிக்கத் தொடங்குகிறது. சிறு எஞ்சினொன்றின் தட்டொலியோ செக்கனுக்கு ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அதிர்வுகளிற் சிணுங்குவது. பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே அமைவதால், ஐம்பது ஆண்டு எஞ்சினருகே நின்றவர் எதை இழந்தார் என்பதை எவரும், அவர் உட்பட, அறியவில்லை. தோட்டங்களில் அடிக்கும் மருந்தாற் சில்வண்டுகள் அருகிவிட்டன என்று சில ஆண்டுகளாக அவர் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். மருமகள் அன்று மாலை அவரை வாசலில் நிறுத்தி, "மாமா, இப்பவும் கத்துது" என்றாள். அவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

இக்காலக் கார்களில் எஞ்சின் உடலிற் பொருத்திய உணரி தட்டொலியைக் கேட்டுத் தானே பொறியைப் பின்னிழுக்கிறது. சாப் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே அதனைத் தன் டேர்போ கார்களுக்கு அளித்துவிட்டது. பழைய மினியில் அவ்வாறு ஏதுமில்லை. பந்தயக்காரர் பலர் கையாளும் ஓர் உபாயத்தை அவர் நாடினார்: செப்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி எஞ்சின் உடலில் ஆணியால் முடுக்கி, மறுமுனையில் இறப்பர்க் குழாய் பூட்டி, அதைக் காருக்குள் கொண்டுவந்து காதுறையில் இணைப்பது. புகைக்குழாயின் ஓலத்தை அது விலக்கி, எஞ்சினின் உள்ளொலியை மட்டும் கொணரும். அவர் முதலிற் தம் காதிலேயே வைத்துப் பார்த்தார். பிறகு கழற்றி மருமகளிடம் கொடுத்தார்.

கொழுந்தெடுப்போர் இல்லாத ஞாயிறு காலை. தோட்டத்துத் தார்வீதியின் நீண்ட ஏற்றத்தில், மூன்றாம் கியரில், அவர் மிதியைத் தரைவரை அழுத்தினார். 3,000 சுற்றருகே அவள் விரல் உயர்ந்தது. மேலே ஏறியதும் தாழ்ந்தது. அவர் வண்டியை நிறுத்தினார்.

"எப்பிடிக் கேட்டிச்சு?"

"பேணியில அரிசி போட்டு ஆட்டுற மாதிரி. ஆனா மேல போனா இல்ல மாமா. கீழதான்."

மீண்டும் ஏறினர், அதே இடத்தில் விரல் உயர்ந்தது. அவர் தட்டொலியை எப்போதும் மேற்சுற்றிலேயே தேடியவர். கீழே தட்டுகிறதென்றால் குற்றம் முப்பது பாகையில் அன்று. விற்சுருள்கள் தளர்ந்து எடைகள் உரிய வேகத்துக்கு முன்னரே விரிகின்றன. டிஸ்றிபியூட்டரைத் திருப்பி அதைத் தீர்க்க முயன்றால் மேலே வலு சாகும்.

கராஜுக்குத் திரும்பியதும் அவர் டிஸ்றிபியூட்டரைக் கழற்றி மேசைமீது, பழைய பிஸ்டனருகே வைத்தார். பல்லாண்டாகக் கழிவு டிஸ்றிபியூட்டர்களிலிருந்து சேர்த்த விற்சுருள்கள் ஒரு பிஸ்கட் பேணியில் இருந்தன. அவற்றைக் கடதாசியிற் கொட்டி, ஒவ்வொன்றாக விரலால் இழுத்துப் பார்க்கத் தொடங்கினார். மருமகள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, எந்தச் சுற்றில் எத்தனை பாகை என்று இரு நிரல்கள் கீறினாள்.