தூக்குக்குண்டும் தாஜ்மகாலும்

வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. இதை முதல்லயே சொல்லிடறேன். டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டு ஆக்ரா வரைக்கும் போயிட்டு, பூட்டின கேட்டைப் பார்த்துட்டு திரும்பின ரெண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும். நாங்க போனது ஒரு செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி கடைசி. நானும் அப்பாவும் ரெண்டே பேர். "ரெண்டு நாள் ரயில்ல என்னால உக்கார முடியாது"ன்னு அம்மா கழண்டுக்கிட்டாங்க.

அப்பா கொத்தனார். விருதுநகர் பக்கத்துல 40 வருஷம் கரண்டி பிடிச்சவர். கடைசி 15 வருஷம் மேஸ்திரி. எங்க வீட்டுல சாமி காலண்டருக்குப் பக்கத்துல தாஜ்மகால் படம் போட்ட பழைய காலண்டர் அட்டை ஒண்ணு ரொம்ப நாளா தொங்கிட்டு இருந்தது. காதல் சின்னம்னு எல்லாம் அவர் ஒருநாளும் பேசினதில்லை. "இந்த வளைவை எப்படிறா நிறுத்தியிருப்பான்?" அதோட சரி.

ஒரு வருஷம் முன்னாடி குளுக்கோமான்னு சொல்லிட்டாங்க. போன பார்வை திரும்ப வராது, இருக்குறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம்னார் டாக்டர். நேரா தெரியும், பக்கவாட்டுல தெரியாது. "பைப்பு வழியா பாக்குற மாதிரி இருக்கு"ன்னு அப்பாவே சொன்னார். அந்த பைப்பும் கொஞ்சம் கொஞ்சமா சின்னதாயிட்டு வருதுன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், ரெண்டு பேரும் பேசிக்கிட்டதில்லை. ஒருநாள் அவராவே கேட்டார், "ஆக்ரா எம்புட்டு தூரம்?" அன்னிக்கு ராத்திரியே டிக்கெட் போட்டேன். "கண்ணு தெரியாத மனுசனைக் கூட்டிட்டு தாஜ்மகாலுக்கா?"ன்னு சித்தப்பா கேட்டார். நான் பதில் சொல்லலை.

தாஜ்மகாலைச் சுத்தி 500 மீட்டருக்கு பெட்ரோல் டீசல் வண்டி விட மாட்டாங்க. பேட்டரி வண்டியில போகணும். உள்ளே போக 50 ரூபாய், சமாதிக் கட்டடத்துக்குள்ளே ஏற தனியா 200. 2018 டிசம்பர்ல கொண்டு வந்த ஏற்பாடு இது, கூட்டத்தைக் குறைக்கத்தானாம். கூட்டம் குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலை.

முதல்ல வர்றது செங்கல் நிறத்துல பெரிய வாசல். அதோட வளைவுக்குள்ள தாஜ்மகால் சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். பக்கத்துல போகப் போக படம் பெரிசாகும்னு நினைப்போம் இல்லையா? நேர்மாறா சின்னதாகிற மாதிரி இருக்கும். தூரத்துல வாசல் வளைவு முழுக்க அடைச்சுக்கிட்டு இருந்தது, கிட்டே வந்ததும் வளைவு பெரிசாகி, அதுக்குள்ள கட்டடம் சுருங்கித் தெரியுது. அப்பா நாலு அடி முன்னால போறதும் பின்னால வர்றதுமா இருந்தார். பின்னால வந்தவங்க இந்தியில ஏதோ முணுமுணுத்தாங்க. கண்டுக்கலை. பக்கம் தெரியாத அவர் கண்ணுக்கு அந்த வாசல் ஒரு குறையும் வைக்கலை. எல்லாருமே அங்கே பைப்பு வழியாத்தான் பார்க்கணும், அப்படித்தான் கட்டியிருக்காங்க.

ரொம்ப நேரம் நின்னார். பிறகு, "சரி, நட."

கொஞ்சம் கதை. ஷாஜகானோட மனைவி மும்தாஜ் 1631ல புர்ஹான்பூர்ல, 14ஆவது பிரசவத்துல இறந்து போனாங்க. முதல்ல அங்கேயே அடக்கம். 1632ல ஆக்ராவுல வேலை ஆரம்பம். சமாதி முடிய பத்து வருஷத்துக்கு மேல, தோட்டம் மசூதி எல்லாம் சேர்த்து 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. தலைமைக் கட்டடக்காரர்னு உஸ்தாத் அகமது லாஹௌரி பேரைச் சொல்றாங்க. பளிங்கு ராஜஸ்தான் மக்ரானாவுல இருந்து வந்தது. ஆனா கட்டடம் முழுக்கப் பளிங்குன்னு நினைச்சுடாதீங்க. உள்ளே செங்கலும் சுண்ணாம்பும். பளிங்கு மேலே போர்த்தின போர்வை.

இதைச் சொன்னதும் அப்பா முகத்துல ஒரு திருப்தி. "அதான பாத்தேன். செங்கல் இல்லாம இந்த உருண்டை நிக்காது."

அடுத்த கேள்வி, எல்லா மேஸ்திரியும் கேக்குறதுதான்: "ஆத்தங்கரையில எப்படி வாணம் தோண்டினான்?" யமுனை ஒட்டி ஓடுது, மண்ணு மணல். அதனால ஆத்தோரமா வரிசையா கிணறு இறக்கி, அதுக்குள்ள கல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பி, அதுக்கு மேலதான் மேடையை எழுப்பியிருக்காங்க. நம்ம ஊர்ல ஆத்துப் பாலத்துக்குக் கிணறு இறக்குறாங்களே, அதே வித்தைதான். அந்தப் பளிங்கு மேடை மட்டும் ஒரு பக்கம் 95 மீட்டர்.

மேடையோட நாலு மூலையில நாலு மினார், ஒவ்வொண்ணும் 40 மீட்டருக்கு மேல. நாலும் லேசா வெளிப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. கண்ணுக்கு நேராத்தான் தெரியும். பூகம்பம் வந்து விழுந்தாலும் கும்மட்டத்து மேல விழக்கூடாதுன்னு அப்படிக் கட்டினதா சொல்றாங்க. அப்பா நம்பலை. "தூக்குக்குண்டு இருந்தா ஒரு நிமிசத்துல பாத்துடலாம்"னார். பாதுகாப்பு சோதனையில தூக்குக்குண்டோட மாட்டினா என்ன ஆகும்னு நினைச்சுப் பார்த்தேன் :-)

வாசல் வளைவைச் சுத்தி கறுப்புக் கல்லுல குர்ஆன் வரிகள் பதிச்சிருக்காங்க. எழுதினவர் அமானத் கான், தன் பேரையும் உள்ளே எழுதி வெச்சிருக்கார். மேலே போகப் போக எழுத்து பெரிசாகுது, அதனால கீழே நின்னு பார்த்தா எல்லாம் ஒரே அளவாத் தெரியுது. "ஏணி போட்டு ஏறினாத்தான் திருட்டு தெரியும்" - இது அப்பா. வளைவுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுத்தூண் இருக்கு, மேலே கோணல்மாணலா கோடு பதிச்சது. பார்த்தா ஆறு பட்டை மாதிரி தோணும். அப்பா ஒரு தடவை கையால தடவினார். "மூணுதான்."

உள்ளே இருட்டு. போட்டோ எடுக்க விட மாட்டாங்க. வெளிச்சம் குறைஞ்சா அப்பாவுக்கு சுத்தமா எதுவும் தெரியாது, என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். எட்டுப் பட்டை அறை, நடுவுல பளிங்குல துளைச்ச ஜாலித் தடுப்பு. ஒவ்வொரு துண்டும் ஒரே பலகையில குடைஞ்சது. 1643ல வெச்சது, அதுக்கு முன்னாடி தங்கத்துல ஒண்ணு இருந்ததாம். சரியா நடுவுல மும்தாஜ். பக்கத்துல மேற்கே, 1666ல இறந்த ஷாஜகான். அந்த முழு வளாகத்துலயும் இடம் வலம் ஒத்துப் போகாத ஒரே இடம் அதுதான். ரெண்டும் வெறும் அடையாளம், உண்மையான கல்லறை கீழ்த்தளத்துல.

கூட்டத்துல யாரோ ஒரு பையன் குரல் விட்டான். அந்தச் சத்தம் மேலே போய் சுத்தி, சுத்தி, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அடங்கிச்சு. அப்பா தலையைச் சாய்ச்சுக் கேட்டார். "கணக்கு சேரலையே. வெளியில இருந்து பாத்த உருண்டை இன்னும் ரொம்ப உசரம்ல?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா அது ரெட்டைக் கும்மட்டம். உள்ளே நாம பார்க்கிற கூரை சுமார் 25 மீட்டர்ல முடிஞ்சிடும். அதுக்கு மேல காலி இடம், அதுக்கு மேல வெளிக் கும்மட்டம். கலசத்தோட சேர்த்தா மொத்தம் 73 மீட்டர். இது தெரியாம நானே போன தடவை வந்துட்டுப் போயிருக்கேன். அவர் காதால கண்டுபிடிச்சுட்டார்.

கும்மட்டம் பத்தி இன்னொண்ணு. 1652ல ஔரங்கசீப் அப்பாவுக்கு எழுதின கடிதத்துல, மழையில கும்மட்டம் வடக்குப் பக்கமா ஒழுகுதுன்னு சொல்லியிருக்கார். இதை அப்பாகிட்ட சொன்னப்ப அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே! கண்ணுல தண்ணி வந்துடுச்சு. "ராசா வீட்டு வேலையிலயும் ஒழுகலா! நான் கட்டின வீடு ஒண்ணு ஒழுகினதுக்கு உங்கம்மா எம்புட்டு பேசினா!"

கொத்தனாருங்க கையை வெட்டின கதையை ஒரு கைடு சொல்லிட்டு இருந்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். "கையை வெட்டின ஆளுகிட்ட அடுத்த வேலைக்கு எவன் வருவான்?" நியாயம்தான். தாஜ்மகால் வேலை நடக்கும்போதே 1639ல டெல்லியில புது நகரமே கட்ட ஆரம்பிச்சவர் ஷாஜகான். அந்தக் கதைக்கு ஆதாரமும் கிடையாது.

வெளியே கிழக்குப் பக்கம், மசூதிக்கு ஜோடியா ஒரு கட்டடம் இருக்கு. அதுக்கு முன்னால தரையில, உச்சிக் கலசத்தோட உருவத்தை நிஜ அளவுக்கே கறுப்புக் கல்லுல பதிச்சு வெச்சிருக்காங்க. பெரும்பாலானவங்க மிதிச்சுட்டுப் போயிடறாங்க. அப்பாவுக்கு அந்த உச்சி தெரியவே இல்லை, நான் எவ்வளவு கை காட்டியும். அதனால இங்கே கூட்டிட்டு வந்தேன். ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் பாதத்தை ஒட்டி ஒட்டி வெச்சு அளந்தார். 30 அடி வந்தது. "இம்புட்டு பெரிசா மேல நிக்குது?"ன்னு திரும்ப நடந்து வந்தார்.

சாயங்காலம் பளிங்குல பூ பதிக்கிற ஒரு பட்டறைக்குப் போனோம். பளிங்கு மேல மருதாணி நிறம் பூசி, அதுல கோடு கீறி, பள்ளம் குடையறாங்க. வெள்ளையில கோடு தெரியாதே, அதுக்குத்தான் பூச்சு. ஒரு கையால சாணைச் சக்கரத்தை இழுத்துக்கிட்டே இன்னொரு கையால கல்லை இதழ் மாதிரி தேய்க்கிறார் ஒருத்தர், வயசு அப்பாவோடது இருக்கும். விரல் நகமெல்லாம் தேய்ஞ்சு போயிருந்தது. அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. முடிஞ்ச தட்டு ஒண்ணை அப்பா கையில குடுத்தார். அப்பா கண்ணை மூடிக்கிட்டு பூ மேல நகத்தை ஓட்டினார். ரெண்டு தடவை. மூணு தடவை.

"நகம் தட்டலைடா" என்றார் என்கிட்ட.

நான் இந்தியில சொல்றதுக்குள்ளே அவருக்குப் புரிஞ்சிடுச்சு. எழுந்து போய் உள்ளே இருந்து இன்னொரு தட்டை எடுத்துட்டு வந்தார், விலைக்கு வைக்காததாம், இன்னும் சின்னப் பூ. அப்பா அதையும் தடவிப் பார்க்க, நான் போய் ரெண்டு டீ சொல்லிட்டு வந்தேன்.