வெட்டிய பாறை போன வழி

கிராண்ட் கேன்யன் எப்படி உண்டானது என்று எல்லோரும் கேட்கிறார்கள். அங்கிருந்த பாறை எங்கே போனது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. அதற்கு விடை தேட, கொலராடோ ஆற்றைத் தலையிலிருந்தே தொடர வேண்டும்.

ராக்கி மலைகளில், ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்திலுள்ள லா பூட்ரே கணவாயில் பனி உருகி அது சிற்றோடையாகப் புறப்படுகிறது. கடலுக்குச் சுமார் 2,330 கிலோமீட்டர். யூட்டாவில் கிரீன் ஆறு கலந்த பின் இருபுறமும் வறண்ட பாறை நிலம். பாலை இந்த ஆற்றுக்கு நீரை அதிகம் தருவதில்லை, மண்ணைத் தருகிறது. வேர் பிடித்து நிறுத்தாத சரிவுகளில் கோடையின் இடிமழை சற்று நேரம் கொட்டினாலே காய்ந்த ஓடைகள் சேறும் கல்லுமாகப் புரண்டு வரும்.

அந்த மணலும் கல்லும்தான் ஆற்றின் அரம். வெறும் நீர் கடும்பாறையை எளிதில் அறுத்துவிடாது. ஆறு பாயும் பீடபூமி உயர்ந்ததால் அதற்குச் சரிவும் வேகமும் கிடைத்தன. பெரும்பகுதி வேலை கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில் நடந்தது என்பதே பொதுவான கணிப்பு. கேன்யனின் விளிம்பில் 27 கோடி ஆண்டு வயதுள்ள சுண்ணாம்புக்கல், அடியில் சுமார் 170 கோடி ஆண்டு பழைய கரும்பாறை. அடிப்பாறைக்குப் புவியியலில் விஷ்ணு என்றே பெயர்!

446 கிலோமீட்டர் நீளமும் ஓரிடத்தில் 1.8 கிலோமீட்டர் ஆழமும் கொண்ட இந்தப் பள்ளத்தில், ஆறு செய்தது ஆழப்படுத்தியது மட்டுமே. சில இடங்களில் 29 கிலோமீட்டர் வரை அகலமாக்கியவை மழையும் உறைபனியும் பக்க ஓடைகளும். மென்மையான களிப்பாறை கரைய, மேலே நிற்கும் கெட்டிப் பாறை பிடிமானம் இழந்து சரிகிறது. விழுந்ததை ஆறு வாரிக்கொண்டு போகிறது. மழை மிகுந்த நாடாக இருந்தால் மண்ணும் மரமும் மூடி இந்த விளிம்புகள் எப்போதோ மழுங்கியிருக்கும். 1966 டிசம்பரில் பெருமழை கிறிஸ்டல் ஓடை வழியே உருட்டி வந்த பாறைகள் ஆற்றை நெருக்கி, ஒரே நாளில் அங்கே கொடிய நீர்ச்சுழிப்பை உண்டாக்கின. லட்சம் ஆண்டுக் கணக்கு என்பதெல்லாம் இப்படிப்பட்ட நாட்களின் கூட்டுத்தொகை.

1963இல் கிராண்ட் கேன்யனுக்கு மேலே கிளென் கேன்யன் அணையின் மதகுகள் மூடப்பட்டன. மேலிருந்து வந்த வண்டல் அணைக்குப் பின்னால் உருவான பவல் ஏரியில் தங்கியது, கீழே குளிர்ந்த தெளிநீர் ஓடியது. பார்க்க அழகுதான். ஆனால் கரையோர மணல்திட்டுகள் அரிக்கப்பட்டன, ஈடுசெய்யப் புது மணல் போதவில்லை. அணைக்குக் கீழே பரியா, லிட்டில் கொலராடோ ஆகிய துணையாறுகள் கொண்டுவரும் மணலைக் கிளறித் திட்டுகளில் சேர்க்க, 1996 முதல் அவ்வப்போது அணையிலிருந்து செயற்கை வெள்ளம் விடுகிறார்கள்.

ஹூவர் அணையையும் கடந்து தெற்கே வந்தால் பாறைக்கான பதில் கிடைக்கிறது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கும் மெக்சிகோவின் டெல்டாவும் கொலராடோ கொண்டுவந்து கொட்டிய வண்டல். அமெரிக்கர்கள் குளிர்காலத்தில் தின்னும் கீரை அந்த மண்ணில் விளைகிறது. எல்லையில் மோரேலோஸ் அணை மிச்ச நீரையும் வயலுக்குத் திருப்பிவிட, ஆறு பெரும்பாலான ஆண்டுகளில் கடலைச் சேர்வதில்லை. 2014இல் இரு நாடுகளும் உடன்பட்டு நீர் திறந்துவிட்டபோது அது கடலைத் தொட்டது. அதில் கிராண்ட் கேன்யனின் மணல் வரவில்லை. அது ஹூவர் அணைக்குப் பின்னால் மீட் ஏரியில் சேர்ந்துகொண்டிருக்கிறது.