மாற்றிக் கேட்ட ஜெபம்



கடந்த ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் சபையார் பதினெட்டுப் பேர் பேர்ணிலிருந்து வலிஸ் மாநிலத்திலுள்ள ஃபீஷ் என்னும் ஊருக்குப் பயணமானோம். அலெட்ச் பனியாற்றைக் காண்பதே நோக்கம். முப்பது ஆண்டுகளாக இந்நாட்டில் வாழ்கிற நம்மவருள் பலர் அதனை நாட்காட்டிப் படங்களில் மாத்திரமே பார்த்திருக்கிறார்கள். இரவு வேலை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் ஆகியவற்றுக்கு நடுவே, மலையேறுவது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு என்று நாமே தீர்த்துக்கொண்டோம். நானும் அவ்வாறே இருந்தேன்.

பத்திரிகைகள் இதனைப் பனிப்பாறை என்று எழுதுவதுண்டு. நான் பனியாறு என்றே எழுதுகிறேன். பாறை அசையாது, இதுவோ நகர்கிறது. உயரத்தில் விழும் பனி ஆண்டுக்காண்டு அடுக்கடுக்காகக் கனத்து, தன் பாரத்தினாலேயே காற்றை வெளியேற்றிக் கட்டியாகி, சரிவில் மெல்ல இறங்குகிறது. அலெட்சின் நீளம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர். ஆல்ப்ஸ் மலைகளில் இதனிலும் பெரிய பனியாறு இல்லை. மேலே மூன்று பனிவெளிகள் ஒன்றுகூடும் கொன்கோர்டியாபிளாட்ஸ் என்னும் இடத்தில் அதன் ஆழம் ஏறத்தாழ 800 மீற்றர். அங்கே பனி ஆண்டொன்றுக்கு 200 மீற்றர் வரை நகர்கிறது. கண்ணுக்கு அது தெரியாது.

பிறிக்கில் இறங்கிச் சிறிய சிவப்புப் புகையிரதத்தில் மாறி ஏறியபோது, போதகருக்குரிய பழக்கத்தின்படி நான் பேசத் தொடங்கினேன். 1678ஆம் ஆண்டில் ஃபீஷ், ஃபீஷர்டால் ஊர்களின் மக்கள் ஒரு பொருத்தனை செய்தார்கள். அது குளிர் மிகுந்த நூற்றாண்டு. பனியாறு வளர்ந்துகொண்டே வந்தது. அதன் ஓரத்தில் பனி மறித்து நின்ற மேர்யெலன் ஏரி அவ்வப்போது உடைத்துப் பாய்ந்து பள்ளத்தாக்கை அழித்தது. ஆகவே தாங்கள் ஒழுக்கமாக வாழ்வதாகவும், பனி வளராதபடி தேவன் தடுக்கவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டார்கள். 1862 முதல் ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாள் ஊர்வலமும் போனார்கள். ஏறக்குறைய அதே காலத்திலிருந்து பனி பின்வாங்கத் தொடங்கியது. இன்றுவரை 3 கிலோமீற்றருக்கு மேல் சுருங்கிவிட்டது. பொருத்தனையின் வார்த்தைகளோ மாறவில்லை. பனி உருகுகிறதே என்று கலங்கியவர்கள், பனி குறையவேண்டும் என்றே தொடர்ந்து மன்றாடிக்கொண்டிருந்தார்கள். 2009ஆம் ஆண்டில்தான் அவ்வார்த்தைகளை மாற்றுவதற்குப் பாப்பரசரிடம் அனுமதி கேட்டார்கள். 2010இல் அனுமதி கிடைத்தது. இப்போது பனி அழியாதிருக்க ஜெபிக்கிறார்கள்.

"ஆண்டவர் கொஞ்சம் கூடக் கேட்டுப்போட்டார் போல, பாஸ்டர்" என்றான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவன். பெட்டி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். நாம் சீர்திருத்தச் சபை மரபினர். பொருத்தனைகளையும் ஊர்வலங்களையும் குறித்து இறையியல் கல்லூரியில் எனக்குக் கற்பிக்கப்பட்டவை வேறு. ஜெபிக்கிறவன் தன் ஜெபத்தை மாற்றுவதற்கு ரோமாபுரியிடம் கேட்பானேன் என்று ஒரு வசனமும் கூட்டிச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாயிருக்கிறது.

ஃபீஷிலிருந்து கேபிள் காரில் ஃபீஷரால்ப் வரை ஏறினோம். அங்கே இரண்டு கூட்டமானோம். முதியவர்களும் சிறு பிள்ளைகளும் என் மனைவியோடு மற்றொரு கேபிள் காரில் எகிஸ்ஹோர்ன் காட்சிமுனைக்குப் போனார்கள். 2,869 மீற்றர் உயரத்து நிலையத்திலிருந்து சில அடி நடந்தாலே பனியாறு முழுவதும் கண்முன் கிடக்கும். இளையோர் எழுவர் வழிகாட்டியோடு பனியின்மேல் நடக்கப் பதிவுசெய்திருந்தார்கள். என் முழங்காலைப் பற்றி மனைவி சொன்னதைக் கேளாமல் எட்டாவது ஆளாக நானும் சேர்ந்துகொண்டேன்.

மலையைக் குடைந்த சுரங்கவழி ஒன்று, ஒரு கிலோமீற்றர் நீளம். அதைக் கடந்தால் மேர்யெலன். ஒருகாலத்தில் ஊரை அழித்த ஏரி இன்று சிறு குட்டைகளாய்க் கிடக்கிறது. பனியின் விளிம்பில் வழிகாட்டி எங்கள் காலணிகளில் இரும்பு முட்களைப் பூட்டுவித்து, எல்லோரையும் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டினார். கயிறு தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. நுனிக்காலில் நடக்காமல் பாதம் முழுவதையும் அழுத்தி வைக்கவேண்டும். ஆகஸ்ட் வெயிலிலும் கையுறையைக் கழற்றக்கூடாது, ஏனெனில் விழுந்தால் இந்தப் பனி கண்ணாடித் துண்டைப்போல் கையைக் கிழிக்கும். நீங்கள் போவதாயிருந்தால் இந்த மூன்றையும் மறவாதிருங்கள். வழிகாட்டியின்றி ஒருபோதும் இறங்காதிருங்கள்.

வெண்மையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். மேற்பரப்பு சாம்பல் நிறம். கல்லும் தூசியும் மூடி, உப்பளத்து மண்ணைப்போல் நொறுநொறுவென்றிருக்கும். பிளவொன்றின் ஓரத்தில் நின்று கீழே பார்த்தபோதுதான் அந்த நீலத்தைக் கண்டேன். கெட்டிப் பனி ஒளியிலுள்ள சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தை மாத்திரம் விடுகிறது என்று வழிகாட்டி விளக்கினார். எனக்கு யோபு புத்தகத்தின் 38ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. உறைபனியைப் பற்றித் தேவன் கேட்கும் கேள்விகளுக்கு யோபுவிடம் விடையில்லை. இதில் பாதிக்காவது எங்கள் வழிகாட்டி விடை வைத்திருந்தார் என்று எண்ணி உள்ளுக்குள் புன்னகைத்தேன்.

எங்கும் தண்ணீரின் ஓசை. பனியின்மேல் வாய்க்கால்கள் ஓடி, வட்டமான கிணறு போன்ற துவாரங்களில் விழுந்து மறைந்தன. அந்நீர் அடியில் ஓடி மாஸா ஆறாகி, ரோன் நதியில் கலந்து, மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. ஓரிடத்தில் பெரிய கல்லொன்று பனித் தூணின்மேல் மேசைபோல் நின்றது. கல்லின் நிழலில் பனி உருகவில்லை, சுற்றிலும் உருகிவிட்டது. எதிர்ச் சரிவைக் காட்டி, வெளிறிய பாறை எங்கே முடிகிறது பாருங்கள் என்றார் வழிகாட்டி. எங்கள் தலைக்கு மிக மேலே அந்தக் கோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பனி அவ்வளவு உயரம் நின்றதாம். 1877இல் கொன்கோர்டியா தங்குமனையைக் கட்டியபோது அது பனிக்கு 50 மீற்றர் மேலே இருந்தது. இன்று பனியிலிருந்து அதை அடைய நானூறுக்கு மேற்பட்ட இரும்புப் படிகள் ஏறவேண்டும். வெப்பம் கட்டுக்குள் வந்தாலும் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் இப்பனியாறு பாதியாகும் என்றும், வராவிட்டால் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது என்றும் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். கயிற்றில் எனக்கு முன்னால் நின்ற பிள்ளைக்கு வயது பதினாறு.

திரும்பும் வழியில் ரொட்டி சாப்பிட உட்கார்ந்தபோது வழிகாட்டி வேறொன்றும் சொன்னார். 1926ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லோட்ஷென்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த மூன்று சகோதரர்கள் இப்பனியாற்றில் காணாமற்போனார்கள். 2012இல் பனி உருகியபோது அவர்களுடைய எலும்புகளும் பொருட்களும் மேலே வந்தன. பனி அவர்களை 10 கிலோமீற்றருக்கு மேல் சுமந்து வந்திருந்ததைச் சூரிச் ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டு, அவர்கள் எந்த இடத்தில் இறந்திருக்கக்கூடும் என்பதையும் கண்டறிந்தார்கள். இதே மாநிலத்தில் சான்ஃபிளூரோன் என்னும் மற்றொரு பனியாறும் உண்டு. 1942 ஆகஸ்டில் மாடுகளைப் பார்க்கப் போய்த் திரும்பாத ஒரு தாயையும் தகப்பனையும் அது 2017இல் திருப்பிக் கொடுத்தது. அவர்களுக்கு ஏழு பிள்ளைகள். எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் பெற்றோரை அடக்கம்பண்ணினார்கள்.

மாலையில் ஃபீஷரால்பில் இரு கூட்டமும் சேர்ந்து தேநீர் குடித்தோம். பாரசூட்டில் பறக்கிறவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சரிவிலிருந்து ஓடி எழும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி, கண்டவற்றையெல்லாம் முதியவர்களுக்குச் சொல்லி வந்தவன், சகோதரர்களின் கதையையும் தொடங்கிவிட்டான். கண்ணால் அவனைத் தடுக்கப் பார்த்தேன். அவன் கவனிக்கவில்லை.

நான் தடுக்க எண்ணியதற்குக் காரணம் உண்டு. மேசையின் கோடியில் ஒரு தாயார் இருந்தார். அவருடைய மூத்த மகன் 2009ஆம் ஆண்டு மே மாதம் வட்டுவாகலில் சனங்கள் வரிசையாகக் கடந்தபோது கடைசியாகக் காணப்பட்டவன். அப்போது வயது பத்தொன்பது. அந்தத் தாயார் மகளிடம் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து, பதின்மூன்று ஆண்டுகளாக, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டங்களில் நான் அவருக்காக ஒரே ஜெபத்தைச் செய்துவருகிறேன்: அவனை உயிரோடு கொண்டுவாரும்.

"அந்தப் பொடியங்களின்ர எலும்பெண்டு எப்பிடித் தம்பி கண்டுபிடிச்சவை?" என்று அவர் கேட்டார்.

"சொந்தக்காரரிட்டை டிஎன்ஏ எடுத்து ஒத்துப் பாத்தவையாம், அன்ரி."

"அப்ப எண்பத்தாறு வருஷத்துக்குப் பிறகும் ஆரோ இருந்திருக்கினம்."

சிறிது நேரம் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாஸ்டர், காலமை நீங்கள் சொன்ன சனம் பாப்பரசரிட்டைக் கேட்டுத்தானே தங்கட மன்றாட்டை மாத்தினவை. நான் உங்களிட்டைக் கேக்கிறன். பதினாறு வருஷமா உயிரோடை தாரும் எண்டு கேட்டிட்டன். இனி, எங்கை கிடக்கிறானெண்டு காட்டும் எண்டு கேக்கலாமோ?"

அன்பானவர்களே, என்னிடம் ஆயத்தமான விடையொன்று இருந்தது. பதின்மூன்று ஆண்டுகளாக அதே விடை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகள் என்னிடம் வந்து, தம்பிக்கு ஒரு நினைவு ஆராதனை வைக்கலாமா, அம்மாவின் மனம் ஆறக்கூடும் என்று கேட்டாள். அது விசுவாசத்தைக் கைவிடுவதாகும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்நாளில் நான் காத்தது அந்தத் தாயின் விசுவாசத்தையா, இத்தனை ஆண்டு ஜெபித்த போதகர் என்ற என் பெயரையா என்று கேட்டால், இரண்டாவதென்றே சொல்லவேண்டும். பாறையின்மேல் உட்கார்ந்து தன் பிள்ளைகளின் உடல்களைக் காத்த ரிஸ்பாளைக் குறித்து, 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்திலிருந்து, இருமுறை பிரசங்கித்திருக்கிறேன். இரண்டு முறையும் இந்தத் தாயார் மூன்றாம் வரிசையில் இருந்தார். எலும்புகளைச் சேர்த்து அடக்கம்பண்ணக் கேட்பதும் ஜெபமே என்று அந்த அதிகாரம் எனக்குச் சொல்லியிருக்கவேண்டும்.

"கேளுங்கோ, அம்மா" என்றேன். வேறொன்றும் சொல்ல வரவில்லை. கீழே போகும் கேபிள் காருக்கு நேரமாயிற்று என்று என் மனைவி எல்லோரையும் எழுப்பினாள். அந்தத் தாயார் பையை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புகையிரதத்தில் நித்திரையாகிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே ஜெபித்தார். இரண்டு வாக்கியம். நான் ஆமென் சொன்னேன்.

இதை வாசிக்கிற உங்களுள் இன்னும் பழைய ஜெபத்தையே தொடர்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் பெயர்கள் எனக்குத் தெரியும். அதை மாற்றும்படி நான் சொல்லவில்லை. அதற்கு எனக்கு அதிகாரமும் இல்லை. உயிரோடு தாரும் என்று நீங்கள் கேட்கும்வரை நானும் உங்களோடு அப்படியே கேட்பேன். ஆனால் என்றைக்காவது வார்த்தை மாறினால், அதை என்னிடம் மறைக்கவேண்டியதில்லை.

சென்ற வாரம் அந்தத் தாயார் தொலைபேசியில் அழைத்தார். ஜூலை 31ஆம் நாள் ஊர்வலத்தில் வேறு சபைக்காரரும் போய் நடக்கலாமோ என்று கேட்டார். யாரும் தடுக்கமாட்டார்கள் என்றேன். அதிகாலையிலேயே புறப்பட்டுவிடுவார்களாம். இங்கிருந்து முதல் புகையிரதத்தில் போனாலும் எட்டாது. முதல் நாளே போய் ஃபீஷில் தங்கவேண்டும். இருவருக்கு இடம் பதிவுசெய்திருக்கிறோம். என் மனைவியும் வருவதாயிருந்தால் மூவர்.