மூளைக்கு ஒரு கண்ணாடி

உலகிலுள்ள பொருள்களையெல்லாம் காணுங் கண், தன்னைத் தான் காணமாட்டாது. அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும். அங்ஙனமே, எல்லாவற்றையும் அறியும் மூளையும் தன் தொழிலைத் தான் அறிவதில்லை. நெஞ்சு படபடப்பதை நாம் உணர்கின்றோம். மூச்சு முட்டுவதை உணர்கின்றோம். மூளையின் நரம்பணுக்கள் ஒருங்குகூடி மின்னலைகளை எழுப்புவதையோ ஒருவரும் உணர்வதில்லை. அவ்வலைகளை உடனுக்குடன் அவரவர்க்கே காட்டினால், அவற்றை மாற்றிக்கொள்ள அவர் கற்பாரோ? கற்பாராயின், அதனால் நோய் தீருமோ? இவ்விரண்டும் ஒரே வினாப்போலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. ஒன்றென மயங்கி யாம் பட்ட பாட்டையும், அதனாற் பெற்ற தெளிவையும் நம் கல்லூரி அன்பர்கட்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் தமக்கையாருக்கு ஒரே மகன். மூன்றாண்டுகட்கு முன் அவனுக்கு வயது ஒன்பது. அறிவிற் குறைந்தவனல்லன், கேட்ட கதையை மறவாதவன், கண்ட பறவையின் பெயரைக் கேட்டறியாமல் விடாதவன். ஆயினும், ஓரிடத்தில் அரைமணி நேரம் அமர்ந்திருக்க அவனால் இயலாது. தொடங்கிய கணக்குப் பாதியில் நிற்கும். பிசைந்த சோறு தட்டிலேயே காயும். பென்சிலும் அளவுகோலும் நாள்தோறும் பள்ளியில் தொலைந்துபோகும். ‘வளர்ப்புச் சரியில்லை’ என்று உற்றாரும் அயலாரும் கூறக் கேட்டுத் தமக்கையார் நொந்திருந்தார். அரசினர் மருத்துவமனையின் மருத்துவ அம்மையார் பிள்ளையைப் பலமுறை பார்த்து, இது கவனக்குறைவும் மிகையியக்கமும் கூடியதொரு கோளாறு என்றும், பிள்ளையின் குற்றமுமன்று, பெற்றோரின் குற்றமுமன்று என்றும் தேற்றினார். மருந்தும் அளித்தார், வீட்டிலும் பள்ளியிலும் கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் எழுதிக்கொடுத்தார். பிள்ளை ஓரளவு அமைந்தான்; ஆனால் பசி குறைந்தது. ‘மகன் மெலிகிறானே’ என்பது தமக்கையாரின் ஓயாக் கவலையாயிற்று.

இந்நிலையில், அயல்நாட்டில் ஆராய்ச்சி செய்துவரும் பழைய மாணவரொருவர் நம் கல்லூரி மண்டபத்தில் மூளையின் மின்னலைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அன்று கேட்டதைச் சுருங்கக் கூறுவோம்.

ஜெர்மனி நாட்டில் யேனா நகரத்து மனநோய் மருத்துவராயிருந்த ஹான்ஸ் பெர்கர் என்பார், 1924-ஆம் ஆண்டில் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதற் பதிவு செய்தார். அவை ஒரு வோல்ட்டைப் பத்து இலட்சம் கூறு செய்தால் அவற்றுட் சில பத்துக் கூறுகளேயாம், அத்துணை நுண்ணியவை. ஆதலால், தாம் கண்டது மெய்தானோ, கருவியின் பிழையோ, குருதியோட்டத்தின் அசைவோ என அவர் தம்மையே ஐயுற்றார். மீண்டும் மீண்டும் ஆராய்ந்து, ஐந்தாண்டு கழிந்த பின்னரே, 1929-இல் அதனை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருக்குங்கால் நொடிக்கு ஏறக்குறையப் பத்துமுறை எழும் அலைக்கு ஆல்பா எனப் பெயரிட்டவர் அவரே. முதலில் அவரைப் பலரும் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்னும் இருவர் அச்சோதனையைத் தாமும் செய்து காட்டிய பின்னரே உலகம் ஒப்பியது.

அதன்பின், 1950-களின் இறுதியில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஜோ காமியா என்பார் ஒரு புதுமை செய்தார். ஒருவரை இருட்டறையில் இருத்தி, அவ்வப்போது மணியொலித்து, ‘இப்பொழுது உம் மூளையில் ஆல்பா உளதா, இலதா?’ என வினவினார்; விடை சரியா, தவறா என்று உடனே கூறினார். தொடக்கத்தில் குருட்டடியாகச் சொன்னவர்கள், சின்னாட் பயிற்சியில் சரியாகவே சொல்லலாயினர். வேண்டும்போது அவ்வலையை எழுப்பவும் சிலர் கற்றனர். கலிபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்பார் 1960-களில் பூனைகளைப் பழக்கினார். அசையாது, ஆனால் விழிப்போடு இருக்கும் பூனையின் மூளையில் நொடிக்கு 12 முதல் 15 வரையிலான ஓர் அலை எழும். அஃது எழுந்தபோதெல்லாம் பூனைக்கு உணவளித்தார்; பூனைகள் அதனை மிகுதியாக எழுப்பக் கற்றன. பிறகு ராக்கெட்டு எரிபொருளின் நச்சுத்தன்மையை ஆராய நேர்ந்தபோது, அங்ஙனம் பழகிய பூனைகட்கு வலிப்பு எளிதில் வரவில்லை என்பதைக் கண்டார். 1972-இல், வலிப்பு நோயுற்ற பெண்மணியொருத்திக்கு அதே பயிற்சியளித்து நோய் தணிந்ததென வெளியிட்டார். 1976-இல் டென்னசியில் ஜோயல் லூபார் என்பாரும் உடன் உழைத்தவரும் அடங்காத் துடிப்புள்ள பிள்ளைக்கு அப்பயிற்சியை அளித்தனர். இதுவே நியூரோபீட்பேக் எனப்படும் நரம்புப் பின்னூட்டப் பயிற்சியின் வரலாறு.

‘பூனை கற்றது என்பது வேறு, பிள்ளை குணமடைவான் என்பது வேறு’ என்று சொற்பொழிவாளர் இறுதியில் ஓர் எச்சரிக்கையும் செய்தார். அச்சொல் எம் செவியில் விழுந்தது, நெஞ்சில் விழவில்லை. யாம் தமிழ் கற்பிப்போர், மருத்துவம் அறியோம். ஆயினும், கற்றவன் என்னும் செருக்கு எதையும் அறிந்ததாகவே எண்ணச் செய்யும். அன்றிரவே தமக்கையார் வீட்டிற்குச் சென்று, ‘அக்கா, மருந்தில்லாமலே இவனைத் திருத்த வழியுண்டு’ என்றோம்.

அண்மையிலுள்ள நகரொன்றில் இப்பயிற்சியளிக்கும் நிலையமொன்று இருந்தது. நாற்பது முறை வரவேண்டும் என்றனர். அதற்கான பணத்திற்குத் தமக்கையார் தம் சங்கிலியை அடகு வைத்தார். வாரத்திற்கு மூன்று நாள், பேருந்தில் ஒன்றரை மணி நேரப் பயணம். சனிக்கிழமைதோறும் யாமும் உடன் சென்றோம். பிள்ளையின் தலையில் பசைபோன்ற ஒன்றைத் தடவிச் சிறு உலோக வில்லைகளைப் பொருத்துவர். எதிரேயுள்ள திரையில் ஒரு படகு தோன்றும். மூளையில் நொடிக்கு 4 முதல் 8 வரையிலான மந்த அலை குறைந்து, விரைவான அலை மிகுந்தால் படகு முன்னேறும், இன்றேல் நின்றுவிடும். கையால் தொடாது படகைச் செலுத்தும் அவ்விளையாட்டில் பிள்ளை ஆழ்ந்துபோவான். ‘மாமா, நான் நினைத்தால் நகருகிறது’ என்று அவன் கூறியபோது எம் உடல் சிலிர்த்தது.

இருபதாவது முறை கழிந்தபின் மாற்றங் காணலாயிற்று. சோற்றை முழுதும் உண்டு எழுந்தான். ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினான். யாம் களிப்புற்று, ‘இனி மருந்தெதற்கு?’ என்றோம். மருத்துவரைக் கேளாமலே மருந்து நின்றது. மூன்றாம் வாரத்தில், அறுந்து பறந்த பட்டமொன்றன் பின்னே அவன் தெருவுக்கு ஓடினான். இருசக்கர வண்டியொன்று மோதிக் கை முறிந்தது. மருந்தை நிறுத்தியதாலேயே அது நேர்ந்ததென்று யாம் துணிந்து கூறோம். பட்டத்தின் பின்னே ஓடாத பிள்ளை எங்குண்டு? ஆயினும், மாவுக்கட்டோடு படுத்திருந்த அவன் முகத்தைப் பார்க்குந்தோறும் எம் நெஞ்சே எம்மைச் சுட்டது.

மருத்துவ அம்மையார் சினந்து பேசவில்லை. ‘ஐயா, இந்தப் பயிற்சியை நான் பழிக்கவில்லை. ஆனால் மருந்தை நிறுத்துமுன் என்னை ஒரு சொல் கேட்டிருக்கலாமே’ என்றார். பின்பு, ஆராய்ச்சி அறிக்கைகள் சிலவற்றைப் படிக்கத் தந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல இரவுகள் படித்தோம். அவற்றுள் ஒன்று எம்மை உலுக்கியது.

அமெரிக்காவில் இரண்டிடங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சி அது. 7 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகள் 144 பேரை இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியார்க்கு அவரவர் மூளையலையே திரையை இயக்கிற்று. மற்றைப் பகுதியார்க்கோ, முன்னரே பதிவு செய்து வைத்த வேறொருவர் அலை இயக்கிற்று. அவர்க்கு வாய்த்தது பிறர் முகங் காட்டும் பொய்க்கண்ணாடி. எவர்க்கு எது என்பதைப் பிள்ளையும் அறியான். பெற்றோரும் ஆசிரியரும் அறியார். 38 முறை பயிற்சி நடந்தது. முடிவு யாது? இரு பகுதியாரும் நன்கு முன்னேறினர்! மெய்க்கண்ணாடி பெற்றவர் பொய்க்கண்ணாடி பெற்றவரினும் மேம்பட்டாரல்லர். பதின்மூன்று மாதங் கழித்துப் பார்த்தபோதும் கவனக்குறைவில் அவ்விரு பகுதியார்க்கும் வேற்றுமை காணப்படவில்லை. 2024-இல், இவ்வகைச் சோதனைகள் 38-ஐ ஒருசேர எடுத்து, 2,472 பேரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தாய்ந்தனர். எவர்க்கு எது என்றறியாதார் அளித்த மதிப்பீட்டைக் கொண்டு பார்க்கும்போது, பயன் பொருட்படுத்தத்தக்க அளவினதாகத் தெரியவில்லை. முறையாக வகுக்கப்பெற்ற பயிற்சிகளிலேயே சிறிதளவு பயன் தென்பட்டது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் உறக்கமின்மைக்காக இப்பயிற்சியை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டவர்களும், மெய்ப்பயிற்சியும் பொய்ப்பயிற்சியும் ஒத்த ஆறுதலையே தந்தன என்றனர். பெருந்துயரத்தின் வடு மனத்தில் நின்று வருத்துவோர் 52 பேரைக் கொண்டு 2016-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று நற்பயன் கூறியதுண்டு. ஆனால் அங்குப் பயிற்சி பெற்றாரை ஒப்புநோக்கியது பயிற்சிக்காகக் காத்திருந்தாரோடேயன்றிப் பொய்க்கண்ணாடி பெற்றாரோடன்று.

அப்பொழுதுதான் எமக்கு அவ்விரு வினாக்களும் தனித்தனியே புலப்பட்டன. தன் அலையைக் கண்டு மூளை கற்கும் என்பதைக் காமியாவும் ஸ்டெர்மனும் காட்டினர். அது முதல் வினாவுக்கு விடை. அக்கற்றலே நோயைத் தீர்க்கின்றது என்பது இரண்டாவது. அதற்கு வேண்டிய சான்று வேறு. பிள்ளைகள் முன்னேறியது பொய்யன்று. முன்னேற்றத்திற்குக் காட்டிய காரணமே ஐயத்திற்குரியது. வளர்ச்சியும், நம்பிக்கையும், ஒழுங்காக ஓரிடத்திற் சென்று அமரும் பழக்கமும், அருகிலிருந்தோர் கூறிய பாராட்டும் தத்தம் பங்கைச் செய்திருக்கலாமன்றோ?

இதனைத் தமக்கையாரிடம் கூறுவதா, மறைப்பதா என்று பன்னாள் கலங்கினோம். கூறினால், அடகு வைத்த சங்கிலியை எண்ணி வருந்துவார். மறைத்தால், எம் பிழையை மறைத்ததாகும். ஒருநாள் மாலை, திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் கூறி, ‘அக்கா, ஆராயாமற் சொன்னது என் தவறு’ என்றோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, ‘தம்பி, நீ கெடுக்க எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். போகும்போதும் வரும்போதும் என் மடியில் தலை வைத்துக்கொண்டு ஓயாமற் பேசினானே. அதற்கு முன்பு நான் அவனைத் திட்டாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததுண்டா? அவன் திருந்தியது படகினாலா, பேருந்தினாலா?’ என்றார்.

எமக்கு விடை தெரியவில்லை. இரண்டாம் பகுதியிலிருந்த பிள்ளைகளின் பெற்றோரும் அவ்வாறே கேட்டிருப்பர் என்று தோன்றியது. தமக்கையார் கூறியதும் ஊகமேயன்றி ஆராய்ச்சி முடிவன்று என்பதை யாம் அறிவோம். எனினும், பணம் வேண்டாத அவ்வூகத்தை அவர் கைவிடவில்லை. நாள்தோறும் மாலையில் அரைமணி நேரம், வேறு வேலையில்லாமல், கடியாமல், மகனோடு அமர்கின்றார். மருந்தும் மருத்துவர் சொற்படி மீண்டும் தொடங்கியது. காலையில் நன்கு உண்டபின் கொடுக்கச் செய்து, அளவையும் திருத்தியதால் உடல் தேறியது. இப்பொழுது அவனுக்கு வயது பன்னிரண்டு. பென்சில் இன்றும் தொலைகின்றது. ஆனால் தொலைந்ததென்று தானே வந்து சொல்கின்றான். சங்கிலியைச் சென்ற தை மாதத்தில் மீட்டோம். அதற்கான பணத்திற் பாதி எம்முடையது. அது கொடையன்று, கடன்.

மாணவ நண்பர்களே! இதனைப் படித்துவிட்டு, நியூரோபீட்பேக்கு வெறும் ஏமாற்று என்று நீங்கள் முடிவுகட்டினால் யாம் செய்த பிழையையே மறுபக்கத்தில் நீங்களும் செய்தவராவீர். அப்பயிற்சி இன்னும் ஆராயப்படுகின்றது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தாரும் தலையில் அடிபட்டோர்க்கு இப்பயிற்சியளித்து ஆய்வு செய்துள்ளனர். உங்களுட் சிலர் மருத்துவராகலாம். சிலர் கருவி செய்வோராகலாம். துன்புறும் தாயொருத்தி உங்கள் சொல்லை நம்பித் தன் சங்கிலியைக் கழற்றுவாள். அந்நாளில் யேனா நகரத்து மருத்துவரை நினைவுகொள்ளுங்கள். தம் கண்ணாற் கண்டதை வெளியிடப் பெர்கர் ஐந்தாண்டு காத்திருந்தார். பிறர் வாயிலாகக் கேட்டதை உரைக்க யாம் ஓரிரவும் காத்திருக்கவில்லை.