ஆடு தாண்டிய எல்லை

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வழிவிட வேண்டியவர்கள் நாம்தான், ஆடுகள் அல்ல. சுக்கும் மிளகும் மணக்கும் குடோன் படிகளில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். லாரிக்காரர் ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்க மனம் வராது. கேட்பாரற்ற ஆடுகள் என்று புதிதாக வருபவர்கள் நினைப்பார்கள். மூட்டை தூக்குகிற பெரியவரிடம், "இக்கா, இது யாரோட ஆடு?" என்று கேட்டால் வீட்டையே காட்டிவிடுவார். பொழுது சாய்ந்ததும் அது தன் வாசலுக்குத் தானே போய்ச் சேரும்.

ஊர் சுற்றுகிற ஆட்டைச் சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் யானை, ஒட்டகம் முதல் ஆட்டுக்குட்டி வரை எல்லாமே கால்நடையாகத்தான் இருந்தன. பிறர் நிலத்தில் மேய்ந்தால் பவுண்டு எனும் பட்டியில் அடைக்கலாம், உடையவர் தண்டம் கட்டி மீட்க வேண்டும் என்றது அது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது, மட்டாஞ்சேரியோ கொச்சி மகாராஜாவின் சீமை. காலாற மேற்கே நடந்த ஆடு, தனக்கே தெரியாமல் வேறொரு அரசாங்கத்துக்குள் புகுந்திருக்கும். 1967இல் இரண்டு ஊரும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன.

நாய்களுக்கு விதி வந்த கதை கொடுமையானது. 2021 ஜூனில் திருவனந்தபுரத்தை அடுத்த அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற வளர்ப்பு நாயை அடித்தே கொன்றார்கள். கேரள உயர் நீதிமன்றம் தானாக எடுத்துக்கொண்ட வழக்குக்கு அதன் பெயரையே சூட்டியது. வளர்ப்புப் பிராணிகளை ஆறு மாதத்துக்குள் உள்ளாட்சியில் பதியச் சொன்னது. அந்த ஆண்டு முடிவதற்குள், பிராணியே வளர்க்கக் கூடாது என்கிற அடுக்குமாடிச் சங்க விதிகள் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது. இரு அமர்விலும் இருந்த நீதிபதி ஜெயசங்கரன் நம்பியார், 2020 ஊரடங்கில் பூனைத் தீனி வாங்கக் கொச்சிக்காரர் ஒருவரை வெளியே போகவிட்ட அமர்விலும் இருந்தார். அந்தக் கொச்சிக்காரருடையது சைவச் சமையல் வீடு, பூனைகள் என்ன செய்யும்?

பதிவு நல்லதுதான். வெறிநாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்றாவது தெரியும். ஆனால் அண்டை வீட்டுச் சண்டை பிராணிகளின் எண்ணிக்கையால் வருவதில்லை. நாற்றம், சத்தம், எச்சம் என்று மதிலைத் தாண்டி வருகிறவற்றால்தான் வருகிறது.

2017இல் சௌபின் ஷாஹிர் எடுத்த 'பறவ' படம் பார்த்தவர்களுக்கு மட்டாஞ்சேரி மொட்டைமாடிப் புறாக்களைத் தெரிந்திருக்கும். என் பக்கத்து வீட்டு மாடியிலும் கூடு உண்டு. எச்சம் விழுவது என் துணிக்கொடியில். புகார் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பையனே வந்தான். "சேச்சி, பத்து மணிக்கு மேல துணி போடுங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் அடைச்சிடறேன்."

சொன்னபடியே செய்கிறான். பந்தய நாளில் மட்டும் புறாக்கள் சாயங்காலம் வரை இறங்குவதில்லை. அன்றைக்கு என் துணியெல்லாம் கூடத்தில்தான் காய்கிறது.